கறுப்பு வெள்ளையில் அம்மா

என் அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னேன், வாசலில் நின்று சொன்னேன், மாலையும் கையுமாக வந்தவர்களைத் தெருமுனையிலேயே மறித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வாய் குழறியது. அவ்வளவுக்கும் காரணம் நானும் என் கம்ப்யூட்டரும்தான்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து டிசைன் செய்வது என் தொழில். கல்யாணப் பத்திரிகை வரும், காதுகுத்து வரும், கடைத் திறப்பு வரும், கோயில் கொடை நோட்டீஸ் வரும். ஆனால் எனக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், உடம்பை எடுப்பதற்குள் அவர் முகம் சுவரில் ஏறிவிட வேண்டும். கையில் ஏதாவது கல்யாண வீட்டு போட்டோவோடு வருவார்கள். "தங்கச்சி, படத்தக் கறுப்பு வெள்ள ஆக்கிருங்க" என்பார்கள். வேட்டிக் கரை, சந்தனம், பின்னால் நிற்கிற பிளாஸ்டிக் பூ எல்லாவற்றின் நிறமும் ஒரே தட்டில் போய்விடும். பிறந்தநாளுக்கும் கட்சிக்கும் கலர் கண்ணைப் பறிக்க வேண்டும். செத்தால் கறுப்பு வெள்ளை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பைக்கில் போகிறவர் வேகத்தைக் குறைக்காமலே, "ஐயோ, இவரா" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்.

இதே பிழைப்பாக இருக்கிற எனக்கு இது நினைவுக்கு வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வரவில்லை. கலை கண்ணை மறைத்துவிட்டது.

அம்மா சேரன்மகாதேவியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்து அந்த மாதம் ஓய்வு பெற்றாள். அவளிடம் படித்து இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்ட ஆட்கள் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் பிடித்து விழா எடுப்பதாக முடிவு செய்தார்கள். டீச்சர் மகள் டிசைன் செய்கிறவள் என்பதால் ஃப்ளெக்ஸ் போர்டு என் பொறுப்பு ஆனது. தாமரைப் பூவுக்கு நடுவில் அம்மா முகம், இரண்டு பக்கமும் புறா, பின்னால் சூரிய உதயம் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்குச் செய்து செய்து எனக்குப் புறாவைக் கண்டாலே எரிச்சல் வரும். என் சொந்த அம்மாவுக்காவது எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

முழுக்க எழுத்தாலேயே ஒரு முகம். கண், மூக்கு, காதோரத்து நரை எல்லாம் சொற்கள். சொற்களுக்கு எங்கே போவது? பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில், "டீச்சர் உங்களை என்ன சொல்லி ஏசுவாங்க?" என்று கேட்டேன். விளக்கு வைப்பதற்குள் போன் நிறைந்துவிட்டது. "ஏலே, ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிக்காத." "ஏ மூதி, தலைய என்னத்துக்குச் சொறியுத, உள்ள ஒண்ணும் இல்லலா." "பைய எழுதினா பென்சில் அழுமா?" "ஏட்டி, சாப்ட்டியா, இல்ல வயித்தக் கட்டிக்கிட்டு வந்துட்டியா?" ஒருவர் துபாயிலிருந்து வாய்ப்பேச்சாகவே அனுப்பியிருந்தார். ஏசிக்கொண்டே வந்தவர் கடைசி ஏச்சை முடிக்காமலே நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்குச் சிரித்த போட்டோ கிடையாது. கேமராவைப் பார்த்தால் அது வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பது போல முறைப்பாள். முறைக்கிற படம் ஒன்றை ஃபோட்டோஷாப்பில் போட்டு, நிறத்தை எடுத்து, சாம்பல் எல்லாவற்றையும் துரத்தி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும்படி செய்தேன். அதன் மேல் ஏச்சுகளை வரி வரியாக ஓடவிட்டு, இருட்டு இருக்கும் இடத்தில் மட்டும் எழுத்து தெரியும்படி வெட்டினேன். முதல் தடவை பார்க்க அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. ண, ஞ, ழ மாதிரி நெருக்கமான எழுத்துகள் கூந்தலுக்கும் புருவத்துக்கும் சரி. கன்னத்துக்கு ப, ட, ம மாதிரி உள்ளே இடம் விட்டவை வேண்டும். ஒவ்வொரு ஏச்சாக எடுத்து, இது தாடைக்கு, இது நெற்றிக்கு என்று மாற்றி மாற்றி வைத்தேன். கண்தான் படுத்தி எடுத்துவிட்டது. ஒரு கொம்பு இடம் மாறினால் அம்மா யாரோ ஒரு அத்தையாக மாறிவிடுவாள். மூக்குத்தி இருக்கும் இடத்தில் எழுத்தே இல்லாமல் ஒரு புள்ளி அளவு வெள்ளையாக விட்டேன். வேலை முடிந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தபோது, திரையிலிருந்து அம்மா என்னை முறைத்தாள். உடம்பு புல்லரித்துவிட்டது. நான் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போர்டின் அடியில் சிவப்புப் பட்டையில் விழா விவரம் எல்லாம் இருந்தது. ஆனால் சேரன்மகாதேவி பஸ் நிறுத்த வளைவில் அதைக் கட்டியவர்கள் இளநீர் வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். சிவப்புப் பட்டை முழுவதும் இளநீர்க் குலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. மேலே முகம் மட்டும் நின்றது. சனிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய நான் பெருமையில் அதைக் கவனிக்கவே இல்லை. முகத்தை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. முகமே எழுத்துதானே, இதற்கு மேல் என்ன எழுத என்ற திமிர்.

வளைவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா கூப்பிட்டார்.

"எத்தன மணிக்கு எடுக்காவ?"

"எத அத்தை?"

"ஒங்கம்மையத்தான்."

அம்மா அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அம்மா அடுப்படியில நிக்கா அத்தை."

அந்தப் பக்கம் அத்தை மூக்கை உறிஞ்சினார். பிறகு மெதுவாக, "மனசத் தேத்திக்கோ தாயி. பக்கத்துல யாரு இருக்கா? போன அவங்கள்ட்ட குடு" என்றார்.

நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு ஓலம் கேட்டது. அம்மாவிடம் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பெண், தலைவிரி கோலமாக நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா கை ஈரத்தோடு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "யாருக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று தானும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டாள். தன் சாவுக்குத்தான் அழுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அழுதவள் கண்ணைத் துடைத்துவிட்டு யார் தோளில் சாய்ந்திருக்கிறோம் என்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு விசிறிவிட்டதே அம்மாதான்.

மூன்று பேருமாக வளைவுக்கு ஓடினோம், அம்மா, அப்பா, நான். போர்டில் இரண்டு மாலை தொங்கியது. கீழே யாரோ ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தி வைத்திருந்தார்கள். இளநீர்க்காரர் மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்து கொடுக்கிற எத்தனையோ அஞ்சலிகளில் இதுவும் ஒன்று. வித்தியாசமே இல்லை.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன்னையே பார்த்தாள்.

"நல்லாத்தான்ட்டி செஞ்சிருக்க. ஆனா செத்தவ மாதிரில்லா இருக்கேன்."

அப்பா ரோட்டைத் தாண்டினார். எதிர்க் கடையில் சிவப்பு சார்ட் பேப்பர் வாங்கி, வட்டமாக வெட்டி, இளநீர் வண்டி மேல் ஏறி அம்மாவின் நெற்றியில் ஒட்டிவிட்டு இறங்கினார். நான் அத்தனை நாள் பாடுபட்டுத் துரத்திய நிறம், அரை நிமிஷத்தில் பொட்டாக வந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாலைகூட விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்த அம்மா, வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள், "உடன்குடியில பாத்திருப்பாவளா?"

உடன்குடியில் அம்மாவின் அண்ணன் இருக்கிறார், என் மாமா. கருப்பட்டி வியாபாரம். அவரும் அம்மாவும் பேசி வருஷக்கணக்காகிறது. அவர்களுடைய அம்மா இறந்தபோது, அம்மா போன பஸ் வழியில் நின்றுவிட்டது. பொழுது சாய்கிறது, இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, மாமா தலையை ஆட்டிவிட்டார். அம்மா போய்ச் சேர்ந்தபோது தீதான் இருந்தது. பெற்றவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று அண்ணனைப் பார்த்து, "என் சாவுக்கு ஒன் கோடி வரப்பிடாது" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டு வந்து அவள் மேல் போர்த்த வேண்டும். அதற்குத்தான் கோடி என்று பேர். அது வந்து சேராமல் உடம்பை எடுக்க மாட்டார்கள். அந்தச் சேலை வரப்பிடாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்றால், நீ எனக்கு அண்ணனே இல்லை என்று அர்த்தம். மாமாவும் அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. மண்டபத்து விழாவுக்கு அம்மா அவர்களை அழைக்கவும் இல்லை.

நான் போனை எடுத்தேன். "இப்பவே மாமாட்ட சொல்லிருதேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பண்ணாத. வாராவளான்னு பாக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையிலிருந்து நடந்ததில் எதுவும் என்னை அப்படி உலுக்கவில்லை. ஊரே தன்னைச் செத்தவள் என்று நினைத்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தவள், இப்போது ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் செத்தவளாக இருக்க ஆசைப்படுகிறாள். அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் அப்பா. "அத்தானுக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. நெஞ்ச பிடிச்சுக்கிட்டு விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"

"எனக்கும்தான் பிரஷர் இருக்கு. இத்தன வருஷமா யாரு கேட்டா?"

நான் கொல்லைப்புறம் போய், அம்மாவுக்குத் தெரியாமல் மாமாவின் எண்ணுக்குப் போட்டேன். மாமாவின் மனைவி, உடன்குடி அத்தைதான் எடுத்தார், எடுத்ததுமே அழுதார். நான் விஷயத்தைச் சொன்னதும், அழுகை நின்று பயம் வந்துவிட்டது.

"அவுக கெளம்பி ஒரு மணி நேரமாச்சேட்டி. படத்தப் பாத்ததும் ஒரு வார்த்த பேசல. சட்டையப் போட்டுக்கிட்டு எறங்கிட்டாவ. திருச்செந்தூர்ல சேல எடுத்துட்டு அங்கனயே கார் பிடிக்கதாச் சொன்னாவ. போன் இங்கன கெடக்கு."

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். "கோடி எடுத்துக்கிட்டு வாராவளாம்."

அம்மா கேட்க விரும்பியது அதுதான். ஆனால் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது. கால் தரிக்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். வழியில ஏதும் ஆயிட்டா, தனியாவா வாராவ, மாத்திர போட்டாவளான்னு கேட்டியா என்று என்னைத் துளைத்தாள். யாரை அழவைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தாளோ அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இப்போது பிள்ளையாரை வேண்டினாள். எனக்கு அவள் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது. கடைசியில் கேட்டைத் திறந்து வைத்து, தெருமுனையிலிருந்தே தெரியும்படி வெயிலில் நின்றுகொண்டாள். "வண்டிக்குள்ள இருந்தே பாக்கட்டும். பாத்தா மனசு ஆறிரும்" என்றாள்.

மதியம் தாண்டி ஒரு கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. துணிக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். நேராக நடந்து வந்தார். கேட்டில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பார்த்தும் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. செத்துப்போன தங்கச்சியைப் பார்க்க வந்தவருக்கு, எதிரே நின்ற தங்கச்சி தெரியவில்லை. கூடத்துக்குள் போய் நாலு பக்கமும் பார்த்தார். உடம்பு கிடத்த வேண்டிய இடத்தில் விழாவுக்கு வாங்கிய வாழையிலைக் கட்டு கிடந்தது. என்னிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்கன கெடத்திருக்கிய?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அண்ணே."

மாமா திரும்பினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பை கையிலிருந்து நழுவியது. அப்பா அவரைப் பிடித்து நாற்காலியில் இருத்தினார். நான் தண்ணீர் கொண்டு வந்தேன். குடிக்கத் தெரியாதவர் போல அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அம்மாவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார், சந்தையில் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"ஒன் சாவுக்கு நான் வரப்பிடாதுன்னல்லா" என்றார். "மனசு கேக்கல. வந்துட்டேன்."

"அதான் நான் சாகலியே" என்றாள் அம்மா. "இப்ப வரலாம்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உடைந்துவிட்டது. அண்ணன் காலடியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். மாமா அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "பஸ்ஸு வரட்டும்னு நான் சொன்னேன்ட்டி, யாரும் கேக்கல, யாரும் கேக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

சாயங்காலம் மாமாவை வளைவுக்குக் கூட்டிப்போனேன். போர்டுக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்க நின்று, தாடையிலிருந்து நெற்றி வரைக்கும் விரல் வைத்து ஒவ்வொரு ஏச்சாகப் படித்தார். அவ்வளவு கிட்ட நின்றால் முகம் தெரியாது என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "எல்லாம் எங்கம்ம எங்கள ஏசினது" என்றார். "ஒரு வார்த்த கூட இவ சொந்தமா ஏசல." நான் அவரிடமிருந்து திரும்பி அந்த முகத்தை மறுபடி பார்த்தேன். அம்மா முகம் செய்கிறேன் என்று நான் யாருடைய வாயைக் கொண்டு செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் வீட்டில் உறவுக்காரர்கள் கூடி, கோடிச் சேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். உயிரோடு இருப்பவள் வீட்டுக்குள் கோடி வந்துவிட்டது, அது ஆகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள் என்றார் ஒருவர். கோடி என்று எடுத்ததைத் திருப்பக் கூடாது, ஆற்றில் விட்டுவிடுங்கள் என்றார் இன்னொருவர். மாமாவும் குற்றம் செய்தவர் போல, "விடியக் காலம நானே கொண்டுபோய் தாமிரவருணியில விட்டுருதேன்" என்றார். அம்மா எல்லாருக்கும் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பையைத் தேடினார். கிடைக்கவில்லை. அறைக் கதவு திறந்தது. அம்மா அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு நின்றாள். அரக்கு நிறப் பட்டு, கரையில் சன்னமாக ஜரிகை. அதற்குப் பொருந்துகிற ஜாக்கெட் இல்லாததால் பழைய பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். கல்லிடைக்குறிச்சி அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் பயம் வந்தது. இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் வந்தது.

"ஏட்டி, அது கோடிட்டி" என்றார் மாமா. "அவுத்துரு."

அம்மா கண்ணாடியைப் பார்த்துக் கொசுவத்தைச் சரிசெய்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் எங்க அண்ணன் எனக்கு எடுத்துத் தந்த மொதச் சேல இது. செத்தப்பெறவு போத்தினா, இது என்ன கலருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தச் சேலையோடுதான் மேடை ஏறினாள். மாலை போட வந்தவர்கள் எல்லாரும் சேலை நன்றாயிருக்கிறது டீச்சர் என்றார்கள். முன் வரிசையில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.